பதினாறு இஞ்ச்

ஐயையோ, துணியை எடுங்க சார். தேய்க்காதீங்க. அந்த இடத்தைத் தொடாதீங்கன்னு சொல்றேன்ல!

மன்னிச்சுக்குங்க, சத்தம் போட்டுட்டேன். நீங்க நல்லதுக்குத்தான் பண்ணினீங்க, தெரியுது. புது மிஷின் மேல துருவைப் பாத்தா மரவேலை பண்றவன் கை சும்மா இருக்காது. நானும் அப்படித்தான். ஒரு சொட்டு வேர்வை விழுந்தாக்கூட எண்ணெய்த் துணியோட ஓடுவேன். ஆனா அது மட்டும் அப்படியே இருக்கட்டும். காரணம் இருக்கு, சொல்றேன்.

நீங்க பாக்க வந்தது இது இல்லை சார். இது பதினாறு இஞ்ச் ஜாயிண்டர், அகலப் பலகையைச் சீவி மட்டமாக்கறது. விக்கிறதுக்குப் போட்டிருக்கிறது ஆறு இஞ்ச், பின்னால என் பட்டறை ரூம்ல இருக்கு. பக்கத்துச் சந்துல சாமான் அடைச்சுக் கிடக்கு, இந்த ஹாலைத் தாண்டித்தான் போகணும். செவுத்தோட ஒட்டிக்கிட்டு, வயித்தை எக்கி, இப்படிப் பக்கவாட்டுல வாங்க. பழகிட்டா ஒண்ணும் தெரியாது. ஆமா, வண்டியில உக்காந்திருக்கிறது உங்க வீட்டம்மாதானே? வெயில்ல ஏன் உக்காந்திருக்காங்க, உள்ள வரச் சொல்லுங்களேன். வேணாங்கிறாங்களா? சரிதான், வந்தாலும் உக்கார வைக்க இடம் கிடையாது. சோபா மாடிக்குப் போயிடுச்சு. டிவி பெட்ரூமுக்குப் போயிடுச்சு. நாற்காலி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா சமையக்கட்டுல கிடக்கு. தண்ணியாவது குடுங்க அவங்களுக்கு, பட்டுக்கோட்டையிலேர்ந்து வந்திருக்காங்க.

நீங்க பேங்க்கா? நான் மின்வாரியம். சிவக்கொழுந்துன்னா தஞ்சாவூர்ல பாதி லைன்மேனுக்குத் தெரியும். உதவிப் பொறியாளரா ரிடையர் ஆனேன். ரிடையர் ஆனவன் வீட்ல உக்காந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், பொண்டாட்டி சமைக்கிறதைப் பக்கத்துல நின்னு குறை சொல்லிக்கிட்டு இருப்போம். என் சம்சாரம் வேதவல்லிதான், "வேற எதாவது பண்ணுங்களேன், ரம்பம் சுத்தியல்னு பாத்துக்கிட்டே இருக்கீங்களே, வாங்கித்தான் தொலைங்களேன்"னா. அவ சொல்லித்தான் ஆரம்பிச்சேன். இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. நானா ஆரம்பிக்கலை.

முதல்ல ஸ்டூல் பண்ணினேன், ஆடுச்சு. அப்புறம் பண்ணினது ஆடலை. சப்பாத்திப் பலகை, சாமி ரூமுக்கு ஒரு மாடம், அவ மாத்திரை டப்பா வைக்க ஒரு பெட்டி. ஆறு இஞ்ச் மிஷினை வாங்கின வருஷம் ஆயுத பூஜைக்கு அவதான் அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சா. அந்தப் பொட்டு இன்னும் போகலை, உள்ள போனதும் பாருங்க. துடைச்சுக் குடுத்துடறேன், கவலைப்படாதீங்க.

போன வைகாசியில அவளுக்கு முட்டி ஆபரேஷன் சார். வலது முட்டியை எடுத்துட்டு வேற வச்சாங்க. நல்லபடியா முடிஞ்சுது. டாக்டரை நான் குறையே சொல்லமாட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம் பிசியோதெரபிக்கு ஒரு பொண்ணு வரும், நல்ல பொண்ணு. அது என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சு சொல்லுச்சு. "அங்கிள், முதல் மூணு மாசம்தான் முக்கியம். மடங்க வேண்டியது அதுக்குள்ள மடங்கிடணும், இல்லைன்னா இறுகிப்போயிடும். காலையிலயும் சாயந்திரமும் ஆன்ட்டிக்கு எதிர்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்காருங்க. குதிகாலைப் பிடிச்சு மெதுவா மடக்கி விடுங்க. ஊஞ்சல் இருந்தா இன்னும் நல்லது, தரையை உதைச்சு ஆடறப்போ தானா மடங்கும்."

ஊஞ்சல்னுச்சு பாருங்க. எனக்கு உடம்பே பரபரன்னு ஆயிடுச்சு. அடடா, பட்டறை வச்சிருக்கிறவன் வீட்ல ஊஞ்சல் இல்லையேன்னு அப்பத்தான் உறைக்குது. வீடு கட்டறப்பவே ஹால்ல கான்கிரீட்டோட சேத்து நாலு கொக்கி விட்டு வச்சிருந்தோம். மேல பாருங்க. அதோ, மிஷினுக்கு நேர் மேல, தெரியுதா? அதுதான். இத்தனை வருஷமா அதுல கொடி கட்டி மழைக்காலத்துல துணிதான் காயப்போட்டோம்.

அந்தப் பொண்ணு குதிகாலைப் பத்தியும் சொல்லுச்சு, இல்லேங்கலை. ரெண்டு மூணு நாள் பண்ணினேன். அவ "ஸ்ஸ்"ன்னா எனக்குக் கை நடுங்கிடும். நான் அதுக்குப் பிறந்தவன் இல்லை சார். அவளுக்குன்னு ஒரு பொருளைச் செஞ்சு குடுன்னா செய்வேன்.

வேதா என்ன சொன்னா தெரியுமா? "எதாவது ஒரு பலகை போதுங்க. பழைய பெஞ்சுப் பலகை கிடக்குதே, அதைக் கட்டுங்க. காலை ஆட்டணும், அவ்வளவுதானே"ன்னா. பாவம், அவளுக்குத் தெரியாது. ஊஞ்சல் பலகைன்னா ஒரே பலகையா இருக்கணும். ஒட்டுப் போட்டதுல உக்காரக் கூடாது. நம்ம பக்கம் அதுதானே வழக்கம்? கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளையை ஒட்டுப் பலகையிலயா உக்கார வைக்கிறாங்க? "நாம என்ன கல்யாணமா பண்ணிக்கப் போறோம்"னு சிரிச்சா. நான் சிரிக்கலை. செய்யறதைத் திருந்தச் செய்யணும்.

மரக்கடைக்குப் போனேன். நல்ல தேக்கு, பதினஞ்சு இஞ்ச் அகலம், ரெண்டு இஞ்ச் கனம், ஒரே பலகை. தட்டினா மணி மாதிரி சத்தம். ஒரே ஒரு குறை, கொஞ்சம் முறுக்கிக்கிட்டிருந்துச்சு. ஒரு மூலையை அமுக்கினா எதிர் மூலை எழும்பும். கடைக்காரர் "இங்கயே பெரிய மிஷின் இருக்கு சார், ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, சமமாக்கி வச்சிடறேன்"னார். எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் வீட்ல பட்டறை வச்சிருக்கேன், என் சம்சாரத்துக்கு நான் செய்யற பொருள், அதை இன்னொருத்தர் மிஷின்ல விட்டா அது நான் செஞ்சதா? நீங்களே சொல்லுங்க. நீங்க குடுத்திருப்பீங்களா? இல்லைல்ல? அப்ப சரி.

வீட்டுக்குக் கொண்டாந்து ஆறு இஞ்ச் மிஷின் மேல வச்சா, அந்தப் பலகைக்கு அது இடுப்புக்குக் கூட எட்டலை. வேதா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு வந்து பாத்தா. "ஏன் முழிச்சிட்டு நிக்கிறீங்க?"ன்னா. அவளுக்கு விளக்கிச் சொன்னேன். இந்த மேஜை மேல பலகையைப் படுக்க வச்சுத் தள்ளினா, நடுவுல சுத்துற பிளேடு அடிப்பக்கத்து மேடு பள்ளத்தைச் சீவிட்டு சமமாக்கும். ஆனா பிளேடு ஆறு இஞ்ச் அகலம்தான். பலகை பதினஞ்சு. "அப்ப என்ன பண்ணுவீங்க?"ன்னா. பெரிய மிஷின் வாங்கணும்னேன். "எனக்காகவா?"ன்னா. உனக்காகத்தான்னேன். "சரி"ன்னு திரும்பிப் போயிட்டா. சந்தோஷப்பட்டான்னுதான் நினைக்கிறேன்.

கோயம்புத்தூர்ல சொல்லி, ஆடித் தள்ளுபடியில வந்து இறங்குச்சு. முக்கால் டன் சார். குட்டியானை வண்டி தாங்காதுன்னு பெரிய வண்டியில வந்துச்சு. தெருவே வேடிக்கை பாத்துச்சு. பட்டறைக்குப் போற சந்து வழியா நுழையாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். அதனால முன் வாசல் வழியா கொண்டாந்து ஹாலைத் தாண்டி பட்டறைக்குள்ள விட்டுடலாம்னு கணக்கு. அளந்துதான் வச்சிருந்தேன். முப்பது வருஷம் டிரான்ஸ்பார்மர் ஏத்தி இறக்கினவன், அளக்காம இருப்பேனா? மிஷின் மேஜையை அளந்தேன். பின்னால மோட்டார் பிதுங்கிக்கிட்டு நிக்கும்னு கம்பெனிக்காரன் போட்ட படத்துல சரியாத் தெரியலை. வாசல்ல வந்து ஒரு விரக்கடை இடிச்சு நின்னுடுச்சு.

லோடு ஆளுங்க மோட்டாரைக் கழட்டிடலாம்னாங்க. நான் விடலை. கம்பெனியில செட் பண்ணி அனுப்பினதைக் கழட்டினா திரும்ப அந்தத் துல்லியம் வராது. மழை வேற வர்ற மாதிரி இருட்டிக்கிட்டு வந்துச்சு. வாசல்ல பாதி, தெருவுல பாதின்னு மிஷின் நிக்குது. என்ன பண்ணச் சொல்றீங்க? கொத்தனாரை வரச் சொல்லி நிலையை எடுத்துட்டேன்.

நீங்க மூஞ்சியைச் சுளிக்கிறது தெரியுது. ஆடி மாசத்துல தலைவாசல் நிலையைப் பேர்க்கலாமான்னு எதிர் வீட்லயும் கேட்டாங்க. எனக்கு அதுல எல்லாம் நம்பிக்கை இல்லை சார். ஒட்டுப் பலகை விஷயம் வேற, அது வழக்கம். வேதா வாசப்படியில வந்து நின்னா. நிலை வச்ச அன்னிக்கு அவ கையாலதான் மஞ்சள் பூசிப் பொட்டு வச்சு, அடியில நவதானியமும் காசும் போட்டா. கடப்பாறை போட்டு நெம்பினதும் அந்தக் காசெல்லாம் மண்ணோட உதிர்ந்து விழுந்துச்சு. அவ குனிஞ்சு எடுக்கப் பாத்தா. முட்டி மடங்கலை. யாரோ ஒரு லோடு ஆளு பொறுக்கி அவ கையில குடுத்தார்னு நினைக்கிறேன், நான் சரியாக் கவனிக்கலை. அந்த நேரம் மிஷின் ஒரு பக்கமாச் சாய்ஞ்சுது, எனக்கு உயிரே போயிடுச்சு.

ஒருவழியா உள்ள வந்துச்சு. ஹாலுக்கும் பட்டறைக்கும் நடுவுல இருக்கிற கதவு அதை விடக் குறுகல். அதையும் எடுத்துடலாம்னா, அது பாரம் தாங்கற செவுருன்னு கொத்தனார் கையை விரிச்சிட்டார். மறுநாளே தலைவாசல் நிலையைத் திரும்ப வச்சுப் பூசியாச்சு. ஆக இது இங்கயே நின்னுடுச்சு. தற்காலிகம்தான்னு வேதாகிட்டச் சொன்னேன். "கொக்கிக்குக் கீழ நிக்குதேங்க, அப்ப ஊஞ்சலை எங்க மாட்டறது?"ன்னா. முதல்ல பலகை ஆகட்டும், அப்புறம் இடத்தைப் பாப்போம்னேன். வேலைன்னா ஒரு வரிசை இருக்குல்ல சார்?

இனிமேதான் என் கஷ்டமே. பலகையை ஏத்தினேன், தள்ளினேன். அப்பா, என்ன சத்தம், என்ன வேகம்! சுருள் சுருளா விழுது. மணக்குது. எடுத்து மட்டம் பாக்கற இரும்புச் சட்டத்தை வச்சுப் பாத்தா, முறுக்கு அப்படியே இருக்கு. இன்னொரு தடவை விட்டேன். இருக்கு. திருப்பிப் போட்டு விட்டேன். இப்ப வேற மூலையில எழும்புது. சட்டத்துக்கு அடியில வெளிச்சம் தெரியும் பாருங்க, மயிரிழைதான், ஆனா தெரியுது. தெரியறப்போ விட முடியுமா? நீங்க விடுவீங்களா?

கம்பெனிக்கு போன் பண்ணினேன். மேஜை ரெண்டும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாருங்கன்னாங்க. பாத்தா இல்லை. ஏன் இல்லை? தரை. நம்ம வீட்டுத் தரை எதுவுமே சமமா இருக்காதே சார். கழுவி விட்டா தண்ணி வாசப்பக்கம் ஓடணும்னு வாட்டம் குடுத்துத்தானே போடறோம்? நானே கூட நின்னு வாட்டம் பாத்துப் போட்ட தரை. முக்கால் டன் இரும்பு அந்த வாட்டத்துல உக்காந்து தானும் முறுக்கிக்கிச்சு. மிஷினே முறுக்கிக்கிட்டா பலகை எப்படி நிமிரும்?

மிஷின் காலுக்கு அடியில முட்டுக் குடுத்தேன். தகரம் வச்சேன், நசுங்குச்சு. கல்யாணப் பத்திரிகை இருக்குல்ல, தடியா, வழவழன்னு, அது அளவா உக்காந்துச்சு. பாருங்க கீழ, பிள்ளையார் தெரியறாரா? அந்தப் பக்கக் காலுக்கு அடியில இருக்கிறது நம்ம பிசியோதெரபிப் பொண்ணோட கல்யாணப் பத்திரிகை. வேதா அதைத் தேடிக்கிட்டே இருந்தா. கல்யாணம் முடிஞ்சப்புறம்தான் கண்டுபிடிச்சா. நாங்க போகலை.

ஒவ்வொரு தடவை முட்டுப் பத்திரிகையை மாத்தினதும் பலகையை ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும். ஓட்டாம எப்படித் தெரியும்? ஒவ்வொரு தடவையும் ஒரு சீவல் போகும். கொஞ்சம்தான். அப்பளம் மாதிரி. காலையில காப்பி குடிச்சதும் ஆரம்பிப்பேன். நான் ஸ்விட்சைப் போட்டா பக்கத்து வீட்டு லைட்டு ஒரு முழி முழிக்கும். போன் பண்ணுவாங்க, என்கிட்டயே, "சார், கரண்ட்டுல எதோ கோளாறு"ன்னு. பாத்துச் சொல்றேன்னுடுவேன்.

அந்தப் பொண்ணு வந்து பெட்ரூம்ல வேதாவுக்குப் பயிற்சி குடுக்கும். இந்தச் சத்தத்துல அது சொல்றது அவளுக்குக் கேக்கலையாம். ஒருநாள் வெளிய வந்து என் முன்னாடி நின்னுச்சு. நான் மிஷினை நிறுத்தினேன். "அங்கிள், எழுபது டிகிரியிலயே நிக்குது. இன்னும் ஏறலை. நாள் போயிட்டே இருக்கு"ன்னுச்சு. நான் என்ன சொல்றது? எழுபது டிகிரிம்மா, கண்ணுக்குத் தெரியற கோணம், உன்னால பிடிச்சு மடக்க முடியும். எனக்கு இங்க அரை டிகிரி எங்க தப்புதுன்னே தெரியலையேன்னேன். அந்தப் பொண்ணு என்னையே பாத்துச்சு. அப்புறம் பையை எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. சின்னப் பொண்ணு, மிஷினைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்.

ராத்திரி படுத்தா வேதா காலை நீட்டிக்கிட்டு மேல பாத்துக்கிட்டு இருப்பா. "இன்னும் எவ்வளவு இருக்குங்க?"ம்பா. ஆயிடும், இன்னும் ரெண்டு ஓட்டு ஓட்டினா ஆயிடும்பேன். பொய் இல்லை சார். ஒவ்வொரு தடவையும் நிஜமாவே அப்படித்தான் நினைச்சேன்.

ஆவணியில அவ தங்கச்சி மங்கை வந்தா, திருச்சியிலேர்ந்து. அவளும் அவ வீட்டுக்காரரும் அபார்ட்மென்ட்ல இருக்காங்க. செவுத்தோட ஒட்டி, வயித்தை எக்கிக்கிட்டு, இப்ப நீங்க வந்தீங்களே, அதே மாதிரி வந்தா. அக்கா காலைப் பாத்தா. என்னைப் பாத்தா. "அத்தான், அக்காவைக் கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறேன். இங்க ஒரே தூசியா இருக்கு"ன்னா. நல்ல யோசனைன்னுதான் எனக்கும் பட்டுச்சு. மரத்தூள் ஆபரேஷன் பண்ணின உடம்புக்கு ஆகாது. ஒரே பையன் மஸ்கட்ல இருக்கான், அவனும் போன்ல, "அனுப்பிடுங்கப்பா"ன்னான். வேதா கிளம்பறப்போ, "பலகை ஆனதும் சொல்லுங்க, வந்துடறேன்"னா. அவ வாயால சொன்னா சார், பலகை ஆனதும் வந்துடறேன்னு.

வாசல்ல மூணு படி இருக்குல்ல? அதுல இறங்க அவளால முடியலை. ஒரு பக்கம் டிரைவர், ஒரு பக்கம் நான். மொத்தப் பாரத்தையும் என் கை மேல போட்டு, ஒவ்வொரு படியிலயும் ரெண்டு காலையும் வச்சு வச்சு இறங்கினா. என் விரலை அப்படி இறுக்கிப் பிடிச்சிருந்தா, கார் போனப்புறமும் கை விறுவிறுன்னு இருந்துச்சு.

தினமும் போன்ல பேசுவோம். நான் பலகை விஷயம் சொல்லுவேன். இன்னிக்கு இடது மூலை நிமிர்ந்துச்சு, வலது இன்னும் அடம் பிடிக்குதுன்னு. "அப்படியா"ம்பா. ஒருநாள், "இன்னிக்கு ஊஞ்சல் ஆடினேங்க"ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யார் வீட்லன்னேன். "கீழ பார்க்குல. குழந்தைங்க ஊஞ்சல்ல. மங்கை பிடிச்சுக்கிட்டா. பசங்கள்லாம் லைன்ல நிக்குது, ஒரு வாண்டு 'பாட்டி, எறங்குங்க, என் டர்னு'ன்னு புடவையைப் பிடிச்சு இழுக்குது"ன்னு சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு! ஆனா எனக்கு என்னமோ ஆயிடுச்சு சார். இரும்புச் சங்கிலி, பிளாஸ்டிக் சீட்டு. பிளாஸ்டிக்! நான் இங்க ஒரே பலகையில தேக்கு... விழுந்து கிழுந்து வைக்காத, கொஞ்ச நாள் பொறுத்துக்கோன்னேன். "சரிங்க"ன்னா. மறுநாளும் ஆடியிருக்கா. மங்கைதான் சொன்னா. குதிகாலை தினமும் அவதான் பிடிச்சு மடக்கி விடறாளாம். "எனக்குக் கை நடுங்காது அத்தான்"னா. எதுக்கு அப்படிச் சொன்னாளோ.

ஆயுத பூஜை வந்துச்சு. இதுக்கு யாரு பொட்டு வைக்கிறது? நானே வச்சேன். ஒழுகிடுச்சு.

அப்புறம் கார்த்திகையில ஒருநாள் காலையில, சும்மா ஒரு பத்திரிகையை உருவிட்டு, இன்னொண்ணைச் சொருகி ஓட்டினேன். எடுத்து சட்டத்தை வச்சேன். வெளிச்சம் இல்லை. திருப்பி வச்சேன். இல்லை. குறுக்க வச்சேன். இல்லவே இல்லை. உக்காந்து அழுதுட்டேன் சார், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். உடனே அவளுக்கு போன் பண்ணி, பலகை ஆயிடுச்சு வேதா, வான்னேன். "நிஜமாவா? வர்றேங்க"ன்னா.

போனை வச்சப்புறம்தான் பலகையைத் தூக்கினேன். தூக்க வந்துடுச்சு. ஒரு கையால. வாங்கினப்போ ரெண்டு ஆள் தூக்கின பலகை. இதோ, செவுத்துல சாத்தியிருக்கேன் பாருங்க. தொட்டுப் பாருங்க. வழவழன்னு, ஒரு குறை சொல்ல முடியாது. இப்ப நடுவுல லேசா அமுக்குங்க. பாத்தீங்களா, வளையுது. பூனை உக்காந்தாத் தாங்கும். ரெண்டு இஞ்ச் எங்க போச்சுன்னா, அதோ கொல்லையில மூட்டை மூட்டையாக் கிடக்கு. செடிக்குப் போடலாம்னு அள்ளி வச்சிருக்கேன்.

அவளை வரவேணாம்னு சொல்லலாமான்னு போனை எடுத்தேன். முடியலை. என்னன்னு சொல்றது?

மறுநாள் பஸ்ல வந்தா சார். தனியா. தோள்ல துணிப்பை, நல்ல பெரிய பை. கேட்டுச் சத்தம் கேட்டதும் ஓடினேன். படிக்கிட்டப் போயிக் கையை நீட்டிக்கிட்டு நின்னேன். அவ வாசக் குழாய்ல காலைக் கழுவினா, மூஞ்சியைக் கழுவினா. புடவையை லேசாத் தூக்கிப் பிடிச்சா. ஏறி வந்துட்டா. படிக்கு ஒரு கால், படிக்கு ஒரு கால், நீங்களும் நானும் ஏறுவோமே அப்படி. நான் கையை நீட்டினபடியே நிக்கிறேன். வேணும்னு ஒதுக்கலை சார், சத்தியமா இல்லை. அவளுக்கு அது தேவைப்படலை, அவ்வளவுதான். நல்ல விஷயம்தானே? நல்ல விஷயம்தான். நீட்டின கையை மடக்கி வேட்டியில துடைச்சுக்கிட்டேன்.

உள்ள வந்து நின்னு பாத்தா. மேல கொக்கியைப் பாத்தா. பையை எங்க வைக்கிறதுன்னு பாத்தா. வைக்க இடம் எங்க இருக்கு? தோள்லயே போட்டுக்கிட்டா. உக்காரவும் ஒண்ணும் இல்லை. நான் சமையக்கட்டுலேர்ந்து நாற்காலியை உருவறேன், அது மாட்டிக்கிட்டு வரமாட்டேங்குது. திரும்பிப் பாக்கறேன், இந்த மிஷின் மேஜை மேல ரெண்டு கையையும் ஊன்றி, ஒரு எம்பு எம்பி, ஏறி உக்காந்துட்டா. உக்காந்து ரெண்டு காலையும் தொங்கப் போட்டு ஆட்டறா. முன்னும் பின்னும். வலது முட்டி நல்லா மடங்குது சார். உள்ள போகுது, வெளிய வருது. ஒரு முனகல் இல்லை. நான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்.

"உயரம் சரியா இருக்குங்க. இது தெரிஞ்சிருந்தா அப்பவே இதுலயே உக்காந்து ஆட்டியிருப்பேனே"ன்னா.

விளையாட்டாத்தான் சொன்னா. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது.

"எங்க பலகை?"ன்னா. எடுத்துக் குடுத்தேன். ஒரு கையால வாங்கினா. கனமா இருக்கும்னு நினைச்சு வாங்கினவ கை சட்டுனு மேல போயிடுச்சு. என்னைப் பாத்தா. கேக்கப் போறா, கேக்கப் போறான்னு நிக்கிறேன். கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். "வழவழன்னு இருக்குங்க. நல்லா வந்திருக்கு"ன்னு செவுத்துல சாத்தி வச்சா. நான், அடுத்த பலகைக்குச் சொல்லி வச்சிருக்கேன் வேதா, மூணு இஞ்ச் கனத்துல, இப்பத்தான் மிஷின் சரியாயிடுச்சே, ஒரே நாள்ல முடிச்சிடுவேன்னேன். எறங்கினா. "நிதானமாப் பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை"ன்னா. சமையக்கட்டுக்குப் போயி எனக்கு ரசம் மட்டும் வச்சுட்டு, சாயந்திர பஸ்ஸுக்கே கிளம்பிட்டா. கொண்டுவந்த பையோட. அதைத் திறக்கவே இல்லை.

அவசரமில்லைன்னு சொன்னா பாருங்க. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

அடுத்த நாள் காலையில பாக்கறேன், அவ கை ஊன்றின இடத்துல துரு. முகம் கழுவின ஈரம் கையில இருந்திருக்கு. இரும்புதானே, ஒரே நாள்ல ஏறிடுச்சு. கொஞ்சம் வெளிச்சத்துக்கு வந்து பாருங்க சார். இது இடது கை. இது வலது. இது மோதிர விரல், நெளி மோதிரம் இருக்கிறதால அங்க மட்டும் ஒரு இடைவெளி. துணியில எண்ணெயை நனைச்சு நானும் வந்தேன். துடைக்கத்தான் வந்தேன். துடைக்காம விட்டா உள்ள இறங்கிடும், மேஜை குழிஞ்சிடும், அப்புறம் எந்தப் பலகையும் இதுல சமமா வராது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அன்னிலேர்ந்து இதை நான் ஓட்டவே இல்லை. பலகையைத் தள்ளினா அழிஞ்சிடுமே.

வாங்க, ஆறு இஞ்சைக் காட்டறேன். அந்தக் கையை மட்டும் மிதிக்காம, இப்படி ஒதுங்கி வாங்க. மிதிக்காமன்னா சொன்னேன்? தொடாம. பட்டுடாம வாங்க சார்.